புதன்கிழமை பிரஷர்

என் முகத்தைப் பார்த்தால்தான் வயதானவர்களுக்குப் பிரஷர் ஏறுகிறது என்று ஒன்றரை வருடம் நான் முழு மனதோடு நம்பினேன்.

சும்மா நம்பவில்லை, ஆதாரத்தோடு நம்பினேன். பதுளைப் பக்கம் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் (எது என்று எழுத மாட்டேன், பென்ஷன் வாங்குகிற ஆள் நான்) புதன்கிழமைக் கிளினிக்கின் வாசலில் நிற்கும் சிற்றூழியர் வேலை எனக்கு. நம்பர் துண்டு கொடுப்பது, வரிசையை நேராக்குவது, பெயர் கூப்பிடுவது, சத்தம் போடுவது. இதில் நாலாவதுதான் எனக்குக் கைவந்த கலை. ஒரு நாள் டாக்டர் நோனா (டாக்டரம்மா) ஒரு நோயாளியின் கொப்பியைப் புரட்டிக்கொண்டே, பக்கத்தில் இருந்த நர்ஸ் மிஸ்ஸியிடம் சிங்களத்தில் சொன்னார்: சில பேருக்கு வீட்டில் பிரஷர் ஒழுங்காக இருக்கும், ஆஸ்பத்திரி ஆட்களைக் கண்டதும் பயத்தில் ஏறிவிடும். சொல்லும்போது பேனையால் வாசல் பக்கம் காட்டினார். வாசலில் நின்றவன் நான் ஒருவன்தான்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நம்பர் துண்டுக் கட்டின் பின்பக்கத்தில், அன்றன்று யாரைத் திட்டினேன், அவருக்குப் பிரஷர் எவ்வளவு என்று குறித்து வைக்கத் தொடங்கினேன். திட்டு வாங்கிய ஆறு பேருக்கும் நூற்றெழுபதுக்கு மேல். கொலைகாரன் கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி இருந்தது. திட்டு வாங்காதவர்களைப் பார்த்தேன். அவர்களுக்கும் நூற்றெழுபது. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மற்றவர்களை நான் திட்டியதைக் கேட்டுப் பயந்திருப்பார்கள் என்று முடிவு கட்டினேன்.

மீசையை எடுத்தேன். ஹாலிஎலையில் எங்கள் வீட்டு வாசலில் வைத்தே என் மனைவி கேட்டாள்: "மீசைய எடுத்துட்டீங்க. மொகத்த என்ன செய்யப் போறீங்க?" திட்டுவதை நிறுத்தினேன். வரிசையில் நின்றவர்களுக்கு ஜோக் சொல்லத் தொடங்கினேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே உள்ளே போய் நூற்றெண்பது காட்டினார்கள். பயத்தில் நானே ஒரு நாள் கையை நீட்டினேன். நூற்றறுபது. மிஸ்ஸி பட்டியைக் கழற்றிவிட்டு, "நீங்களும் ஒரு நம்பர் எடுத்துக்கிட்டு வாங்குப் பலகையில உக்காருங்க" என்றார்.

இப்போது இதையெல்லாம் எழுதக் காரணம், என் இடத்துக்கு வந்திருப்பவர் போன மாதம் எனக்கு எடுத்த போன். கிளினிக்கில் நம்பரைக் காட்டும் பெரிய திரை வந்திருக்கிறதாம். மூன்று மொழியிலும் அழகான பெண் குரலில் கூப்பிடுகிறதாம். அதைச் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, "அண்ணே, ஒங்க காலத்துலயும் புதன்கிழமை எல்லாருக்கும் பிரஷர் கூடவா இருந்துச்சு?" என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் அல்ல. போனில் சொல்லி முடியாது, எழுதி அனுப்புகிறேன் என்றேன். மற்ற ஊழியர்களும் வாசிக்கட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் உத்தியோக வரலாறு நாலு வரிதான். இருபத்து மூன்று வயதில் சேர்ந்தேன். தள்ளுவண்டி தள்ளினேன், ஒட்சிசன் சிலிண்டர் சுமந்தேன், பிரேத அறையில் ஒன்பது மாதம் இருந்தேன். அங்கேதான் ஜோக் சொல்லப் பழகினேன், யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். முதுகெலும்பு விலகியதும் கிளினிக் வாசலில் நிறுத்தினார்கள். ஐம்பத்தாறு வயதில், முதுகு இனி நிற்கவும் சரிவராது என்றதும், நானாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கிளினிக் நாள் என்றால் என்ன என்று கவுண்டருக்கு உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. வெளியே நிற்கிற எனக்கும் தெரியவில்லை என்பதுதான் கேவலம். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். இருதயத்துக்கும் பிரஷருக்கும் சேர்த்துப் பார்க்கும் கிளினிக் எங்களிடம்தான் என்று அவரை எழுதி அனுப்பிவிடுவார்கள். அவர் ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பஸ் நிற்கும் இடத்துக்கு, தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து இரண்டு மைல் இறக்கம். வேலையில் இருக்கும்போது தோட்டத்து லொறியில் இடம் கிடைக்கும். வயது வந்து செக்ரோல் என்கிற சம்பளப் பதிவில் பேர் வெட்டிய பிறகு லொறியும் இல்லை, ஒன்றும் இல்லை, நாற்பது வருடம் கொழுந்து பறித்த மலையில் நடந்து போக வேண்டியதுதான். பண்டாரவளையில் இறங்கி பஸ் மாற வேண்டும். ஏழரைக்கு எங்கள் வாசல். இரத்தம் எடுக்க வெறும் வயிறு என்பதால் முதல் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் உள்ளே போயிருக்காது. நம்பர், இரத்தம், நிறை, பிரஷர், பிறகு டாக்டர். டாக்டர் முடிய பதினொன்று, பன்னிரண்டு ஆகும். மருந்துக் கவுண்டர் முடிய இரண்டு மணி. திரும்பி லயத்துக்கு ஏற ஆறு. எழுபது, எழுபத்தைந்து வயது ஆட்கள். இந்தப் பதின்மூன்று மணித்தியாலத்தில் ஒருவர் எத்தனை தடவை ஒன்றுக்குப் போவார் என்று அந்த ஆஸ்பத்திரியில் ஒருவரும் யோசித்ததில்லை. நானும்தான்.

ஒரு மலசலகூடம் இருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கிளினிக்குக்குப் பின்னால், பத்து அடி தூரத்தில். வெளியூரில் இருக்கும் ஒரு நல்ல மனிதர், செத்துப்போன தன் அப்பாவின் நினைவாகக் கட்டிக் கொடுத்தது. வெள்ளை டைல். உட்காரும் கொமட். பிடித்து எழும்ப இரண்டு பக்கமும் கம்பி. வாசலில் படி கிடையாது, சக்கர நாற்காலி ஏற சரிவு. 'முதியோர் பாவனைக்கு' என்று இரண்டு மொழியில் பளிங்குக் கல். ஊவா மாகாணத்திலேயே அதைவிடச் சுத்தமான கக்கூஸ் இருந்திருக்காது. யாரும் போகாத கக்கூஸ் சுத்தமாகத்தானே இருக்கும். அது பூட்டியிருந்தது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

சாவியைக் கொடுத்தவர் எங்கள் சிற்றூழியர்களுக்கு மேலதிகாரியான ஓவர்சியர் மாத்தையா, அதாவது ஓவர்சியர் ஐயா. அவரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் எல்லாவற்றையும் நிதானமாகவே செய்வார். சின்ன உருவம். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பேசுவதற்கு முன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி போட்டுக்கொள்வார். அதுவரை நாம் நிற்க வேண்டும். இருபது வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. என்னை 'மல்லி' என்பார், தம்பி என்கிற பாசத்தோடு. கட்டிடம் திறந்த முதல் வாரத்தில் யாரோ அந்தக் கொமட் மேல் குந்தி உட்கார்ந்து அசிங்கம் பண்ணிவிட்டார்கள். மாத்தையா வந்தார், பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார். "மல்லி, இந்த ஜனங்களுக்குப் பாவிக்கத் தெரியாது. நல்ல பொருள் வீணாகிப் போகும்" என்று சிங்களத்தில் மெதுவாகச் சொல்லிவிட்டு, பூட்டைப் போட்டு, சாவியை என் கையில் வைத்து, என் விரல்களை அவரே மடக்கிவிட்டார். கேட்டால் தண்ணீர் இல்லை என்று சொல்லு என்றார். மேலிடத்திலிருந்து பார்வையிட வந்தால் மட்டும் திறந்து, கால்மிதி விரித்து, வாசனை அடித்து வைக்க வேண்டும். அப்படி வந்தவர்கள் எல்லாரும் பாராட்டி எழுதிவிட்டுப் போனார்கள்.

நான் சொன்னேன். ஒவ்வொரு புதன்கிழமையும் சொன்னேன். தண்ணீர் இல்லை என்று மட்டும் சொன்னால் சுவை இருக்காதே. "மழைக்கு எழுதிப் போட்டிருக்கோம், வந்ததும் தொறக்கிறோம்" என்பேன். வாங்கு முழுக்கச் சிரிக்கும். கேட்டவரும் சிரித்துவிட்டு, முழங்காலை ஒட்டி வைத்துக்கொண்டு உட்காருவார். வேறு கக்கூஸ் கீழே வெளிநோயாளர் பகுதியில். எண்பத்திரண்டு படி. இறங்கி ஏறி வருவதற்குள் நம்பர் போய்விடும். நம்பர் போனால் கடைசியில்தான், அதைச் சொல்வதும் நான்தான்.

என் ஜோக்குக்குத் தோற்காத ஓர் ஆள் அந்த வரிசையில் இருந்தார். மருதமுத்து. பூனாகலைக்காரர், தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை, எழுபத்து நாலு வயது. நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்று திருப்பிப் போடுவார். ஒரு புதன்கிழமை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, போன மாசம் நீங்க சொன்ன ஜோக்க வூட்டுல சொன்னேன். பாதி மொகத்துல சிரிச்சா. மத்தப் பாதிக்கு வேற இருந்தா குடுங்க."

நான் சிரித்துவிட்டுப் பிறகுதான் புரிந்துகொண்டேன். அவர் மனைவி ராக்கம்மாவுக்கு மூன்று வருடத்துக்கு முன் பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. ஒரே மகன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை, வருடத்துக்கு இரண்டு தடவை வருவான். லயக் காம்பராவில், அந்த ஓர் அறையில், இவரும் ராக்கம்மாவும்தான். பக்கத்துக் காம்பரா பார்வதி, பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு மத்தியானம் வரும்போது எட்டிப் பார்ப்பாள். மற்றபடி எல்லாம் இவர். லயத்துக் கக்கூஸ் பின்னால் சரிவில் இருக்கிறது, மழைக்கு வழுக்கும், ராக்கம்மாவால் நினைக்கவே முடியாது. அதனால் ஒரு மரக் கதிரையில் உட்காரும் பலகையின் நடுவை அவரே மரம் அறுக்கும் வாளால் அறுத்து, அடியில் பெயின்ட் வாளி வைத்திருந்தார். தூக்கும் விதத்தை எனக்கு வரிசையிலேயே நடித்துக் காட்டினார். துவாயை அக்குளுக்கு அடியில் கொடுத்து முதுகில் முடிச்சுப் போட வேண்டும். அவளுடைய நல்ல காலைத் தன் பாதத்தின் மேல் வைக்க வேண்டும். கழுத்தைக் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு, கையால் இழுக்காமல், தான் பின்னால் சாய வேண்டும். சாய்ந்தால் அவள் தானாக எழும்புவாள். அப்படியே கால் வட்டம் திரும்பினால் கதிரை. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் நோயாளி தூக்கி முதுகு போன எனக்கு யாரும் இதைச் சொல்லித் தந்ததில்லை.

"கலியாணத்தன்னிக்கிக் கூட இப்புடிக் கட்டிப் புடிச்சதில்ல" என்றார். பிறகு, அதே சிரிப்போடு, "நான் வுழுந்தா ரெண்டு பேரும் வுழுந்தாப்புல, தம்பி. அதான் மாசம் தவறாம வந்து ஒடம்பக் காட்டிக்கிறேன்" என்றார்.

மாதம் தவறாமல் வந்தார். மாதம் தவறாமல் அவருக்குப் பிரஷர் கூடியிருந்தது. டாக்டர் நோனா மாதம் தவறாமல் மாத்திரையைக் கூட்டினார். நோனா மேல் எனக்குக் கோபம் இல்லை. முப்பது வயது இராது, ஒரு காலைக்கு நூறு பேர், ஓர் ஆளுக்கு மூன்று நிமிடம். தமிழ் தெரியாது. 'மருந்து குடிக்கிறீர்களா' என்று கேட்கும் அளவுக்குப் பழகி வைத்திருந்தார். எல்லாரும் 'ஆமாங்க' என்பார்கள். பொய் இல்லை. குடிக்கிறார்கள்தானே.

அந்தப் புதன்கிழமை மழை. மருதமுத்து வாங்கில் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார், பேப்பரில் மடித்த மாத்திரைகள். பார்த்துவிட்டுத் திரும்ப மடித்து உள்ளே வைத்தார். காலை மாத்திரை இன்னும் போடவில்லையா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று கேட்டவனைப் பார்ப்பது போல.

"கிளினிக்கு நாள்ல யாரு தம்பி இத முழுங்குவா? இதுல ஒண்ணு தண்ணி மாத்திர. முழுங்குனா அரமணிக்கு ஒருக்கா ஓடணும். பஸ்ஸுல எங்குட்டு ஓடுறது? இங்க வந்தா நீங்க மழைக்கு எழுதிப் போட்டிருக்கேங்குறீங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் இந்தச் சிரிப்பு வேறு. நான் வாங்கு வாங்காகக் கேட்டுக்கொண்டு போனேன். ஒருவரும் போடவில்லை. எது தண்ணீர் மாத்திரை என்று பாதிப் பேருக்குத் தெரியாது, எல்லாம் வெள்ளை, எல்லாம் வட்டம். எதற்கு வம்பு என்று காலை மாத்திரை அத்தனையையும் விட்டுவிடுகிறார்கள். சிலர் முதல் நாள் மாலையிலேயே நிறுத்திவிடுகிறார்கள். தண்ணீரும் குடிப்பதில்லை. லயத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த பழக்கம், குளிருக்குச் சால்வை போர்த்துவது போல. புதிதாகக் கிளினிக்குக்குப் போகிறவருக்குப் பழையவர்கள் சொல்லிக்கூடக் கொடுக்கிறார்கள்.

மருதமுத்து மேலும் ஒன்று சொன்னார். வியாழக்கிழமை லயத்தில் கிளினிக் ஆட்கள் யாரும் ஆளாக இருக்க மாட்டார்களாம். தலை சுற்றும், கண் இருட்டும். அதற்குப் பேரே 'கிளினிக்குக் கிறுகிறுப்பு'. பஸ்ஸில் அலைந்த களைப்பு என்று படுத்துக்கொள்வார்களாம். "நான் படுக்க ஏலாதே. சொவத்தப் புடிச்சுக்கிட்டு அவளத் தூக்குவேன்."

நான் படிக்காதவன். ஆனாலும் அந்த இடத்தில் நின்றபடியே எனக்கு விளங்கிவிட்டது. புதன்கிழமை மாத்திரை இல்லாமல், தண்ணீர் இல்லாமல், மூத்திரத்தை அடக்கிக்கொண்டு வந்து பிரஷரைக் காட்டுகிறார்கள். டாக்டர் கூடிய பிரஷரைப் பார்த்து மருந்தைக் கூட்டுகிறார். வியாழக்கிழமை கூட்டிய மருந்தை நம்பிக்கையாக விழுங்குகிறார்கள். பிரஷர் அடியோடு இறங்கி விழுகிறார்கள். அடுத்த மாதம் மறுபடி புதன்கிழமை. என் மீசைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

விளங்கியதும் ஒரு மனிதன் என்ன செய்வான்? எட்டடி தூரத்தில் டாக்டர் இருக்கிறார். நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். டாக்டருக்குத் தேநீர் கொண்டுபோனேன். வைத்துவிட்டு வந்தேன். சொல்ல வேண்டிய சிங்கள வசனத்தை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்து மறுபடி போனேன். "டீ சரியா நோனா?" என்று கேட்டேன். சரி என்றார். மூன்றாவது தடவை காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்தேன். பயம்தான். மாத்திரை ஏன் போடவில்லை என்று அவர் கேட்பார். கக்கூஸ் இல்லை என்பேன். ஏன் இல்லை என்பார். யார் கையில் சாவி என்பார். பிரேத அறையில் இன்னும் ஆள் தேவை என்று ஓவர்சியர் மாத்தையா போன வாரம்தான் மெதுவாகச் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் எனக்குத்தான் பிரஷர் பார்த்திருக்க வேண்டும், கருவி வெடித்திருக்கும்.

நான் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தபோது மருதமுத்துவின் நம்பரைக் கூப்பிட்டார்கள். மூன்று நிமிடத்தில் வெளியே வந்தார். கொப்பியை விரித்து என்னிடம் நீட்டினார்.

"கூட்டிப்புட்டாங்க தம்பி. ஒண்ணா இருந்தது ரெண்டாச்சு. போன மாசம் அரைய ஒண்ணாக்குனதுக்கே சொவத்தப் புடிச்சேன். முழுங்கவா, வேணாமா? நீங்க சொல்லுங்க."

அவர் என்னைத்தான் கேட்டார். அத்தனை பெரிய ஆஸ்பத்திரியில் அவருடைய பாஷையில் பேசுகிற, அவருக்குத் தெரிந்த ஒரே ஆள் நான். உள்ளே கூட்டிக்கொண்டு போய், நோனா, இவர் இன்றைக்கு மருந்து போடவில்லை என்று சொல்ல இரண்டு வரி போதும்.

நான் சொன்னது இது: "என்னயக் கேட்டு முழுங்குனா நாளைக்கு நீங்க பிரேத அறையில என்னயப் பாக்க வேண்டி வரும் மாமா. நோனா எழுதுனத முழுங்குங்க."

அவர் சிரித்தார். நல்ல ஜோக், ராக்கம்மாவுக்குச் சொல்கிறேன் என்றார். மழையில் குடையை விரித்துக்கொண்டு மருந்துக் கவுண்டர் பக்கம் போனார்.

என்னை யாரும் மன்னிக்க வேண்டாம். இதை வாசிக்கிற ஊழியர்கள் எல்லாருக்கும் சொல்கிறேன், வாய்க்கு ருசியாகப் பேசுகிறவன் ஆபத்தான ஆள். அவனை நம்பி ஜனங்கள் கேள்வி கேட்பார்கள்.

அன்று பிற்பகல் கிளினிக் முடிந்ததும் ஓவர்சியர் மாத்தையாவிடம் போனேன். டாக்டரிடம் போக வராத தைரியம் எப்படியோ அங்கே வந்தது, அநேகமாகக் கோபம்தான். எல்லாவற்றையும் கொட்டினேன். கண்ணாடி துடைபட்டது. வெளிச்சத்தில் பார்க்கப்பட்டது.

"மல்லி, கக்கூஸைப் பூட்டினால் பிரஷர் ஏறும் என்கிறாய். சரி. எழுதிக் கொடு, அனுப்பி வைக்கிறேன்."

யார் பூட்டச் சொன்னது என்றும் சேர்த்து எழுதட்டுமா என்று கேட்டேன். அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது, உண்மையான வருத்தம், ஒரு பிள்ளை தப்பாகக் கணக்குப் போட்டதைப் பார்ப்பது போல.

"சாவியைத்தானே கொடுத்தேன். திறக்காதே என்று நான் எப்போதாவது எழுத்தில் தந்திருக்கிறேனா? இத்தனை வருடம் உன் பையில்தானே இருந்தது. நீ திறந்திருக்கலாமே."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை. அதில் ஒரு பாதி உண்மையும் இருந்தது. வயதானவர்களுக்கு நடக்கிற அநியாயத்தில் பெரும்பாலானதை இப்படிக் கண்ணாடி துடைக்கிற ஆட்கள்தான் செய்கிறார்கள். யாரும் அடிப்பதில்லை, யாரும் பட்டினி போடுவதில்லை. ஒரு கதவைப் பூட்டி, சாவியை இன்னொருவன் கையில் வைத்து, விரலை மடக்கி விடுகிறார்கள். அந்த இன்னொருவன் ஜோக் சொல்கிறான்.

அடுத்த புதன்கிழமை காலை ஏழு மணிக்கே அந்தக் கதவை விரியத் திறந்தேன். வரிசையில் இருந்தவர்களுக்குக் கொமட்டில் எப்படி உட்கார்ந்து எழும்புவது என்று, வேட்டி கட்டிய ஒரு பெரியவரை வைத்து, உடுப்போடுதான், செய்து காட்டினேன். ஐந்து நிமிட வேலை. பாவிக்கத் தெரியாத ஜனங்கள் ஐந்து நிமிடத்தில் பழகிவிட்டார்கள். பிறகு டாக்டர் நோனாவிடம் போய் நின்று, இந்தத் தடவை தேநீர் இல்லாமல், சொன்னேன். அவர் நம்பவில்லை. அடுத்து உள்ளே வந்தவரிடம் வழக்கம் போல், மருந்து குடிக்கிறீர்களா என்று கேட்டார். ஆமாங்க என்றார் அவர். நோனா என்னைப் பார்த்தார். நான் தமிழில், "இன்னிக்கிக் காலையில?" என்று கேட்டேன். அந்த மனிதர் என்னையும் பார்த்து, நோனாவையும் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டார். நோனா பேனையைக் கீழே வைத்தார். பத்துப் பேரை அப்படிக் கேட்கச் சொன்னார். பிறகு எழும்பிப் போய் அந்தக் கக்கூஸைப் பார்த்தார். பளிங்குக் கல்லை வாசித்தார். திரும்பி வந்து, மூத்திரத்தை அடக்கிக்கொண்டிருந்தாலே பிரஷர் ஏறும் என்று மிஸ்ஸியிடம் சொன்னார். அன்றைக்கு ஒருவருக்கும் மாத்திரை கூட்டவில்லை. போன வாரம் கூட்டியவர்களின் பெயர்களைத் தேடி எடுக்கச் சொன்னார். போன் நம்பர் இருந்தவர்களுக்கு நானே போன் எடுத்தேன். கிளினிக் பதிவில் மருதமுத்துவின் பெயருக்கு நேரே மகனின் நம்பர் இருந்தது. அது வேலை செய்யவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிளினிக் நாளும் கதவு திறந்திருந்தது, நான் இருந்த வரை. நான் வேலையை விட்டு வந்த பிறகு என்ன நிலை என்று போன் எடுத்தவரிடம் கேட்டேன். தண்ணீர் பிரச்சினை இருக்குதுண்ணே என்றார். நம்பர் கூப்பிடும் திரைக்குக் கரண்ட் இருக்கிறது, கக்கூஸுக்குத் தண்ணீர் இல்லை. இதை வாசிக்கும் சிற்றூழியர்களே, சாவி யார் பையில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கையை விட்டுப் பாருங்கள்.

மருதமுத்துவின் அடுத்த முறை, அந்த மழைப் புதன்கிழமையிலிருந்து நாலு வாரம் கழித்து வந்தது. அவர் வரவில்லை. அவருடைய கொப்பியைப் பார்வதி கொண்டுவந்து நீட்டினாள். நான் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். ஆள் எங்கே என்று கேட்டேன். அவள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல் அன்றைக்கு லீவு போட்டு வந்திருந்தாள். சத்தம் போடாமல் சொன்னாள்.

மருதமுத்து கடைசியாகக் கிளினிக்குக்கு வந்த மறுநாள், வியாழக்கிழமை காலையில், கூட்டிக் கொடுத்த இரண்டு மாத்திரையையும் போட்டிருக்கிறார். எட்டு மணி போல ராக்கம்மாவைக் கதிரைக்குத் தூக்கப் பின்னால் சாய்ந்தவர் அப்படியே விழுந்துவிட்டார். அவள் அவர் மேல் விழுந்தாள். லயத்தில் எல்லாரும் மலைக்குப் போயிருந்தார்கள். கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. பகல் கொழுந்து நிறுத்துவிட்டு பார்வதி வந்து கதவைத் தள்ளும்வரை இரண்டு பேரும் தரையில் அப்படியே கிடந்தார்கள்.

அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. வேறொரு ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் செய்தார்கள். எழும்பி நிற்க வரவில்லை. மகன் வந்து ஐந்து நாள் நின்றான். இரண்டு பேரையும் தூக்க ஆள் இல்லாததால் ராக்கம்மாவை வெலிமடைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டுப் போனான். மருதமுத்து இன்னும் லயத்தில் படுக்கையில்தான் இருக்கிறார், பார்வதி கஞ்சி கொடுக்கிறாள். அவரால் பஸ் ஏற முடியாது, ராக்கம்மாவைக் கூட்டி வர ஆள் இல்லை. அன்றிலிருந்து அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.